சயானில் இருந்த ஸ்டெப்னி

தாராவித் தொண்ணூறடி ரோட்டில் கொண்டுவந்து நிறுத்திய அன்றைக்கே அந்தக் காரின்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மகன் சாவியை என் கையில் கொடுத்து, "நீயே மொதல்ல தொறம்மா" என்றான். திறந்தேன். உள்ளே ஊதுபத்தி வாசனை. பழைய காருக்குள் ஊதுபத்தி எதற்கு? வேறு ஏதோ வாசனையை மறைக்கத்தானே? செம்பூரில் ஒரு ஆபீசரிடம் வாங்கினானாம். நன்றாக ஓடுகிற காரை ஆபீசர் ஏன் விற்றார் என்று கேட்டேன். "அவரு புதுசு வாங்கிட்டாரும்மா" என்றான். புதுசு வாங்கும்படி இது அவரை என்ன செய்தது என்று கேட்டேன்.

என்னைச் சந்தேகம் பிடித்தவள் என்பார்கள். சொல்லட்டும். கல்யாணமாகித் தாராவிக்கு வந்த கொஞ்ச நாளிலேயே தோல் பை தைக்கிற கார்கானாவில் மிஷினில் உட்கார்ந்தவள் நான். ஒரு பையைக் கையில் வாங்கினால் வெளியே பார்க்க மாட்டேன். உள்ளே கையை விட்டுப் புரட்டி, லைனிங்கை இழுத்து, தையல் எங்கே ஓடி எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். வெளியே பளபளவென்று இருப்பது உள்ளே ஒற்றைத் தையலில் தொங்கிக்கொண்டிருக்கும். மனிதர்களையும் அப்படியே பார்த்துப் பழகிவிட்டது. படிப்பு அதிகம் கிடையாது. பைபிளில் பெரிய எழுத்தாக இருந்தால் விரல் வைத்து வாசிப்பேன், பஸ் நம்பர் தெரியும். இதை எழுதி முடிக்க ஒரு மழைக்காலம் ஆகிவிட்டது. ஆனால் ஒரு தையல் பொய் சொன்னால் அது எனக்குத் தெரிந்துவிடும்.

மழை தொடங்குவதற்கு முன்னால், காரில் எப்போதும் ஒரு பை இருக்க வேண்டும் என்று மருமகள் சொன்னாள். அவள் செம்பூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கிறவளின் கார் மழையில் மேம்பாலத்தின் நடுவே நின்றுபோய், உள்ளே தண்ணீர்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தாளாம். "வண்டி எங்க நின்னாலும் அந்தப் பை நம்மளக் காப்பாத்தணும் அத்தே" என்றாள். எமர்ஜென்சி கிட் என்று அதற்குப் பெயர். மகன் போனில் ஒன்றைக் காட்டினான். சிவப்பாக, ஜிப் வைத்து, அழகாகத்தான் இருந்தது. விரலால் படத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். கைப்பிடி சேருகிற இடத்தில் ஒரே ஒரு தையல் ஓட்டம்தான்.

"இது ஒரு இழுப்புக்குத் தாங்காது. பைய நான் தைக்கேன். சாமான நீங்க வாங்குங்க" என்றேன்.

"ஏம்மா, ஒனக்கு எதுக்குக் கஷ்டம்?"

"எனக்கு என்னல கஷ்டம்? பை தைக்கது கஷ்டம்னா ஒன்னைய எப்படிலே வளத்தேன்?"

கருப்பு ரெக்சின் வாங்கினேன். ஒவ்வொரு சாமானுக்கும் அதன் உடம்புக்கு ஏற்ற பாக்கெட். டார்ச்சுக்கு நீளமாக ஒன்று, பாட்டரி செத்துப்போனால் இன்னொரு காரிலிருந்து கரண்டு வாங்குகிற வயருக்கு அகலமாக ஒன்று, கட்டி இழுக்கிற கயிற்றுக்கு அடியில் ஒன்று. டயரில் ஆணி ஏறினால் அடைக்கிற ரப்பர் திரியும் அதற்கான ஊசியும், காரிலேயே சொருகிக் காற்றடிக்கிற சின்னப் பம்பும் வேண்டும் என்று மருமகள்தான் கேட்டு வாங்க வைத்தாள். அம்பர்நாத்தில் அவள் அப்பா ஃபேக்டரி லாரி ஓட்டியவர். அந்தச் சாமான்களெல்லாம் அவளுக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். என் பங்குக்குக் கோடாலித் தைலம், சுக்குத் தூள், ஒரு பழைய வாயில் சேலை. சேலை எதற்கு என்று மகன் சிரித்தான். நடுரோட்டில் நின்றால் பொம்பளைக்கு மறைப்பு வேண்டாமா? போனில் காட்டிய கிட்டில் அது கிடையாது. ஆம்பளை போட்ட கிட்.

இப்படிப் பாதிப் பை தைத்திருந்தபோதுதான் அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, மருமகள் குழம்பு கொதிக்க வைத்திருந்தாள். மகன் மாடிப்படி ஓரமாக நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாலே, ஸ்டெப்னிய சயான்லதான் வச்சிருக்கேன். வீட்ல யாருக்கும் தெரியாது. இவளுக்குத் தெரிஞ்சா என்னைய உரிச்சிருவா… பழசுதான், ஆனா இன்னும் கொஞ்ச நாள் ஓடும்லா. சும்மா விட்டுர முடியுமா? அப்பப்ப போயிப் பாத்துட்டுதான் வாரேன்."

நூல் ஊசிக்குள் போகவில்லை.

ஸ்டெப்னி என்ற வார்த்தை எனக்குப் புதிதில்லை. எங்கள் கார்கானா மேஸ்திரிக்கு மாட்டுங்கா லேபர் கேம்பில் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. ஆனால் வாரத்தில் ஒருநாள் தலை சீவி, பவுடர் போட்டு, லேபர் கேம்புக்கு நேர் எதிர்ப்பக்கமாக நடப்பார். "மேஸ்திரி ஸ்டெப்னியப் பாக்கப் போறாரு" என்று தோல் வெட்டுகிற மேஜையில் ஆண்கள் சிரிப்பார்கள். ஸ்டெப்னி என்றால் எனக்கு அதுதான். வீட்டுக்காரி இருக்கும்போது வெளியே வைத்துக்கொள்கிற பொம்பளை. அந்த மேஸ்திரியின் பெண்டாட்டி கடைசியில் ஒரு பெட்டியோடு தெருவில் நின்றதையும் நான் பார்த்திருக்கிறேன்.

என் மகனா? சமையல் கட்டில் மருமகள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. சர்ச்சில் சில பேர் என் காதுபட அதைப் பேசுவார்கள். அந்தப் பேச்சு எந்த வீட்டில் எப்படிப் போய் முடியும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு இங்கே நியாயம் கேட்க யாரும் இல்லை. அப்பா அம்மா அம்பர்நாத்தில். இங்கே நான்தான்.

அன்றைக்கு முதல் நான் அவனைப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு சாயங்காலம், "சயான் வர போயிட்டு வாரேம்மா" என்று போனான். திரும்பி வந்தவன் சட்டையைத் துவைக்கப் போட்டதும் எடுத்துப் பார்த்தேன். கைமடிப்பில் கருப்பாக ஒரு தீற்றல். கண் மைதான், வேறென்ன? மோந்து பார்த்தேன். ரப்பர் வாசனை அடித்தது. இந்தக் காலத்தில் மையில் என்னென்ன கலக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

பைக்கு இன்னும் சிவப்பு முக்கோணம் வாங்கவில்லை. வண்டி நின்றால் பின்னால் வருகிறவனுக்குத் தெரிய ரோட்டில் வைப்பது. அதை வாங்கப் போகிறேன் என்று சொல்லி நானே சயானுக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். மெயின் ரோட்டை விட்டு உள்ளே, கார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கிற இடத்தில், எங்கள் கார் நின்றது! வேலைக்குப் போயிருக்கிறேன் என்றவனின் கார். அவனைக் காணவில்லை. கடைகளுக்கு மேலே மாடி. மாடியில் ஒருத்தி மஞ்சள் நைட்டியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். முடியை அவிழ்த்து விட்டிருந்தாள். கழுத்து வலிக்கிற வரைக்கும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் கால்மாட்டில் கடைச்சுவரில் டயர்களாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதை யார் பார்த்தது?

"க்யா சாஹியே மௌஷி?" என்ன வேண்டுமென்று கடைக்காரன் கேட்டான்.

முக்கோணம் கேட்டேன். எடுத்துக் கொடுத்தான். சாமான் விற்கிறவன் அதோடு விடுவானா? டார்ச் இருக்கிறதா, கயிறு இருக்கிறதா, வயர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக இந்தியில் கேட்டான். எல்லாவற்றுக்கும் ஹை, ஹை, இருக்கு இருக்கு என்று சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசியில் சிரித்துக்கொண்டே கேட்டான்: "அவுர் ஸ்டெப்னி? ஸ்டெப்னி ஹை நா?"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. தெருவுக்கே தெரிந்திருக்கிறது!

"ஹமாரா கர் மே ஐசா குச் நஹி ஹை!" என்றேன். எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் எதுவும் கிடையாது.

"அரே மௌஷி, ரக்னா சாஹியே!" என்றான். வைத்துக்கொள்ள வேண்டுமாம்! அவன் முகத்தில் கொஞ்சமாவது வெட்கம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. முக்கோணத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாடியை ஒரு முறை முறைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மருமகளிடம் எப்படிச் சொல்வது? நேராகச் சொன்னால் உடைந்துவிடுவாள். அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சுற்றிவளைத்துக் கேட்டேன்.

"ஏட்டி, ஒரு ஆம்பள ஸ்டெப்னி வச்சிருந்தாம்னு வையி. நீ என்ன சொல்லுவ?"

அவள் மாவை விட்டுக் கையை எடுக்கக்கூட இல்லை. "வச்சிருக்கணும்லா அத்தே. அது இல்லாம ரோட்ல எறங்கவே கூடாது."

"என்னட்டி சொல்லுத?"

"எங்கப்பா ரெண்டு வச்சிருந்தாவ. லாங் போறவங்களுக்கு ஒண்ணு பத்தாதுன்னு சொல்லுவாவ."

அவள் அப்பாவை நான் நல்ல மனுஷன் என்று நினைத்திருந்தேன். பெண் பார்க்கப் போன அன்றைக்கு எத்தனை ஜெபம், எத்தனை தோத்திரம்! ரெண்டாம்!

"ஒங்கம்மா ஒண்ணும் சொல்லலியா?"

"அம்மாதான் தொடச்சி வைப்பா" என்று சிரித்தாள்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும்படி வளர்த்துவிட்டார்கள் இந்தப் பெண்ணை. நாளைக்கு என் மகன் இவளை நடுத்தெருவில் நிறுத்தினாலும் சிரித்துக்கொண்டே நிற்பாள். அப்படி நிற்கிறவளின் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

மறுநாள் இருவரும் வேலைக்குப் போன பிறகு பையை மடியில் எடுத்தேன். முதலுதவிச் சாமான் பாக்கெட்டுக்குப் பின்னால் லைனிங்கைப் பிரித்து, உள்ளே ஒரு கள்ளப் பாக்கெட் தைத்தேன். கைவிட்டாலும் மடிப்பு என்றுதான் தோன்றும். என் கையில் இருந்த ஒரே தங்க வளையலைச் சோப்புப் போட்டுக் கழற்றினேன். கார்கானாவில் உழைத்து நானே வாங்கியது, என் வீட்டுக்காரர்கூட அதன்மேல் உரிமை கொண்டாடியதில்லை. அதைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தேன். வண்டி நின்றால் காப்பாற்றுகிற பை என்றுதானே சொன்னாள்? எந்த வண்டி நின்றாலும் காப்பாற்றட்டும். நேரம் வரும்போது பையை அவள் கையில் கொடுத்து இடத்தைக் காட்டிவிடலாம் என்று இருந்தேன்.

வளையல் எங்கே என்று மகன் கேட்டான். கை வீங்குகிறது, கழற்றி வைத்தேன் என்றேன். அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். சந்தேகம் அவனுக்கும் என் ரத்தத்தில் வந்ததுதான்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்பர்நாத்தில் மருமகளின் அண்ணன் குழந்தைக்கு ஞானஸ்நானம். காலையிலேயே கிளம்பினோம். பை டிக்கியில் இருந்தது. ஷில் பாட்டா தாண்டி, ரோடெல்லாம் குழியும் லாரியுமாக இருக்கிற இடத்தில், கார் ஒருபக்கமாக நொண்டியது. மகன் ஓரம் கட்டினான். பின்டயர் தரையோடு படுத்திருந்தது. தூறல். மகனும் மருமகளும் இறங்கிப் பின்னால் போனார்கள். நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். டிக்கி திறக்கிற சத்தம்.

"ஸ்டெப்னி எங்க?" மருமகளின் குரல்.

இங்கேயா, இந்த ரோட்டிலா இது வெடிக்க வேண்டும்?

"சயான்ல இருக்கு" என்றான் மகன், மெதுவாக.

"எத்தன நாளா?"

"கொஞ்ச… ஒரு மாசம் இருக்கும்."

"ஒரு மாசமா? எங்கிட்ட ஏன் சொல்லல நீங்க?"

"சொன்னா சண்ட போடுவன்னுதான்."

இதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. கதவைத் திறந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். அவள் பக்கமாகப் போய் நின்றுகொண்டேன்.

"ஏலே, அவ கேக்காள்லா? இப்பவாவது வாயத் தொறந்து சொல்லு. யாரு அவ?"

"எவம்மா?"

"மஞ்ச நைட்டிக்காரி! சயான்ல மாடில இருக்கவ!"

இருவரும் என்னையே பார்த்தார்கள். ஒரு லாரி எங்கள்மேல் சேற்றை அடித்துவிட்டுப் போனது. மகன் மெதுவாக டிக்கிக்குள் கையைக் காட்டினான். விரிப்பைத் தூக்கி வைத்திருந்தான். அடியில் பெரிய அண்டாவைப் பதித்து எடுத்த மாதிரி ஒரு வட்டக் குழி, காலியாக.

"யம்மா, ஸ்டெப்னின்னா டயரு. அஞ்சாவது டயரு. பஞ்சராயி சயான் கடையில கெடக்கு, நாளைக்கு வா நாளைக்கு வான்னு கடைக்காரன் அலைய விடுதான். டயரெல்லாம் மொட்டையாயிட்டு, மாத்துங்கன்னு இவ எப்பவோ சொன்னா. நாந்தான் ஓடும் ஓடும்னு இழுத்துட்டேன். அதான் சொல்லல."

நான் அந்தக் குழியைப் பார்த்தேன். கையை விட்டுத் தடவியும் பார்த்தேன். தையல் ஒன்றும் இல்லை, வெறும் தகரம்.

"அது எனக்குத் தெரியாதா?" என்றேன்.

மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு திடீரென்று நிமிர்ந்தாள். "அத்தே! அப்ப நீங்க எங்கப்பாவ… ரெண்டு வச்சிருந்தாவன்னு சொன்னனே…"

"நான் ஒண்ணும் நெனைக்கல" என்றேன். "மழையில நனையுதோம். சாமான எடுங்க."

மகன் பையைத் திறந்தான். முக்கோணத்தை எடுத்து நான்தான் கொண்டுபோய் ரோட்டில் வைத்தேன். திரும்பி வரும்போது அவன் முதலுதவிப் பாக்கெட் பக்கமாகத் துழாவிக்கொண்டிருந்தான், கையுறை எங்கே என்று. அவன் விரல் நின்ற இடத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மடிப்புக்குள் கையை விட்டு, துணிச் சுருணையை எடுத்துப் பிரித்தான். தூறலில் வளையல் மினுங்கியது.

"கை வீங்குதுன்னு சொன்னியேம்மா?" என்றான். இப்போது அவன் குரலில் விளையாட்டு இல்லை. "இத எதுக்கு வண்டிப் பையில ஒளிச்சி வச்சிருக்க? யாருக்கும்மா இது?"

பொய் சொல்லியிருக்கலாம். கள்ளன் பயம் என்றால் நம்பியிருப்பான். ஆனால் மருமகள் வளையலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வட்டக் குழியைப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அவளுக்கு முன்னால் என்னால் சொல்லைத் திருப்ப முடியவில்லை.

"அவளுக்கு" என்றேன். "நீ நடுரோட்ல எறக்கி விட்டா, அவளுக்கு ஒரு ஸ்டெப்னி வேண்டாமாலே?"

அவன் கோபப்பட்டானா, வெட்கப்பட்டானா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. வளையலை அவள் பக்கம் நீட்டினான். அவள் வாங்கித் துணியில் சுற்றி, எடுத்த இடத்திலேயே வைத்தாள். பிறகு ரப்பர் திரியையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு டயர் பக்கம் குத்த வைத்து உட்கார்ந்தாள்.

ஆணியைப் பிடுங்கி, அந்த இடத்தில் ஊசியைக் குத்தித் திருகி, திரியைக் கோத்து உள்ளே தள்ளி இழுத்தாள். தோலில் துளை போட்டு நூல் இழுப்பது மாதிரியேதான். மகன் குடை பிடித்தான். கையை எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் குனிந்து பார்த்தேன். நல்ல வேலை. சொல்லவில்லை. பம்பு கடகடவென்று காற்றடித்தது. கார் எழுந்து நின்றது. அவள் சேற்றுக் கையை என் பழைய வாயில் சேலையில் துடைத்துக்கொண்டாள். அப்போது மகன் சேலையைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

நாங்கள் போய்ச் சேரும்போது குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்திருந்தார்கள். மருமகளின் அப்பா வாசலுக்கு வந்து, "வாங்க மைனி, ரோட்ல ரொம்பக் கஷ்டமாயிட்டாமே" என்று என் கையில் இருந்த பையை வாங்கினார். நல்ல மனுஷன்தான். ஆனால் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்தபோது அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தேன். லாரிக்கு இரண்டு ஸ்டெப்னி என்பது சரி. மனுஷனுக்கு ஒன்றும் இல்லை என்று யார் பார்த்தது?

அடுத்த வாரமே நாலு டயரும் புதிதாக வந்தன. ஸ்டெப்னியும் வீட்டுக்கு வந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகுமுன் நான் டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, அதைக் கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறேன். மகன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். நிற்கட்டும். சயானுக்குப் போகிறேன் என்று அவன் சொன்னால், எதற்கு என்று இன்றைக்கும் கேட்கிறேன். அந்த மஞ்சள் நைட்டிக்காரி யாரோ எவரோ. ஆனால் கேட்டு வைப்பதில் தப்பில்லை.

வளையலை மருமகள் போட்டுக்கொள்ளவில்லை. திருப்பித் தரவும் இல்லை. ஒருநாள் பையைத் துடைக்க எடுத்தபோது, கள்ளப் பாக்கெட்டின் வாயைத் தைத்து மூடியிருப்பதைப் பார்த்தேன். என் தையல் இல்லை அது. வேறு நூல், கொஞ்சம் கோணல், ஆனால் இரட்டை ஓட்டம். மேலே விரலை வைத்து அழுத்தினேன். உள்ளே வட்டமாக இருந்தது.

அவள் அதை ஏன் போட்டுக்கொள்ளாமல் அங்கேயே வைத்துத் தைத்தாள்? எனக்குத் தெரியாத எதையாவது அவள் பார்த்திருக்கிறாளா? கேட்கலாம் என்று இரண்டு மூன்று தடவை வாயெடுத்தேன். அது இல்லாமல் ரோட்டில் இறங்கவே கூடாது என்று மாவு பிசைந்துகொண்டே அவள் சொன்னது ஞாபகம் வரும். கேட்காமல் பையை ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வைத்து, டிக்கியை அழுத்தி மூடிவிடுவேன்.